ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நகரி, புத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் 1992-ல் வந்ததிலிருந்து, ஆந்திர-தமிழ்நாடு எல்லையில் உள்ள நகரி, புத்தூர், திருத்தணி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஹெலிகாப்டர் சத்தம் பழகிப்போன ஒன்று. கடற்படை பைலட்டுகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியே அங்கேதான் இருக்கிறது. ஆகவே இன்டர் (பிளஸ் டூ) படிக்கிற பையனோ பெண்ணோ "நான் ஹெலிகாப்டர் பைலட் ஆகப் போகிறேன்" என்றால் வீட்டில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை. அதற்கப்புறம் என்ன செய்வது என்பதில்தான் திணறுகிறார்கள். விமானப் பள்ளிகளைப் பற்றி ஏஜென்ட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஹெலிகாப்டர் என்றதும் அவர்கள் கையில் இருப்பது ஏதோ ஒரு வெளிநாட்டுப் பள்ளியின் பளபளப்பான கையேடு மட்டும்தான்.

நான் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பக்கம் வேலை பார்த்தவன். அதனால் ஊருக்குப் போனால் "எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல், அண்ணா?" என்ற கேள்வி வந்துவிடும். பள்ளியைக் கடைசியில் தேடுங்கள் என்பதுதான் என் பதில். முதலில் எந்த வேலை, அப்புறம் அந்த வேலைக்கு எந்த நாட்டு லைசென்ஸ், அதற்கப்புறம்தான் பள்ளி. இந்த வரிசை தலைகீழாகும் இடத்தில்தான் குடும்பங்கள் பணத்தை விடுகின்றன.

1. எந்த வேலைக்காக?

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: படையில் சேர்வது. விமானப் படைக்கு ஹைதராபாத் பக்கத்து ஹக்கிம்பேட்டை, ராணுவத்துக்கு நாசிக், கடற்படைக்கு நம் அரக்கோணம் என்று மூன்று படைகளுக்கும் தனித்தனிப் பயிற்சி இடங்கள் இருக்கின்றன. தேர்வும், எஸ்எஸ்பி எனப்படும் படைத் தேர்வுக் குழுவின் நேர்காணலும் கடினம்தான். விமானப் படையிலும் கடற்படையிலும் உங்களுக்கு ஹெலிகாப்டரா விமானமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஆனாலும் வயது இருக்கிற பிள்ளை இந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல் நேரே கடன் வாங்கப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காரணம் இருக்கிறது. மும்பை ஜுஹுவிலிருந்து பாம்பே ஹை எண்ணெய் மேடைகளுக்குப் போகும் ஹெலிகாப்டர்கள், ராஜமுந்திரியிலிருந்து கிருஷ்ணா-கோதாவரிப் படுகைக்குப் போகிறவை, கேதார்நாத், வைஷ்ணோதேவி யாத்திரை, மாநில அரசுகளின் ஹெலிகாப்டர்கள் என்று நம் நாட்டில் சிவில் வேலை இருக்கும் எல்லா இடங்களிலும் படையிலிருந்து ஓய்வு பெற்ற, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த பைலட்டுகள் நிறைந்திருக்கிறார்கள். கம்பெனிகளும் அவர்களைத்தான் முதலில் பார்க்கின்றன. 150 மணி நேரத்தோடு புது லைசென்ஸ் வைத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை இந்த வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. கோ-பைலட்டாக நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "லைசென்ஸ் வாங்கினால் வேலை" என்று ஒரு பள்ளி சொன்னால், போன இரண்டு வருடத்தில் அங்கே முடித்தவர்களில் யார் யார் எந்தக் கம்பெனியில் எந்த ஹெலிகாப்டரில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால், பொதுவாகவே பேசினால், குறித்துக்கொள்ளுங்கள்.

2. பள்ளிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன்

மருத்துவப் பரிசோதனைதான் முதல் வேலை. டிஜிசிஏ எனப்படும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககம் அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று, அப்புறம் கிளாஸ் 1. கிளாஸ் 1-ஐப் பெங்களூரு விமான மருத்துவ நிறுவனம் போன்ற குறிப்பிட்ட மையங்களில்தான் செய்ய முடியும். கிளாஸ் 1 இல்லாமல் சிபிஎல் எனப்படும் வணிக பைலட் லைசென்ஸ் கிடையாது. கண்ணாடி போட்டிருப்பதாலேயே யாரும் தள்ளுபடி ஆவதில்லை, அதற்கு அளவு இருக்கிறது. நிறக்குருடு வேறு விஷயம். அதைப் பணம் கட்டிய பிறகு கண்டுபிடிப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் கை கால் முறிந்து புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். எலும்பு நன்றாகவே கூடியிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே எதுவும் கையில் இருக்காது. மருத்துவப் பரிசோதனையில் பழைய முறிவு பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம். ஒரு எலும்பு டாக்டரிடம் இப்போதைய எக்ஸ்ரேயும், அசைவில் குறை இல்லை என்ற கடிதமும் வாங்கிக் கையோடு கொண்டுபோவது நல்லது.

அடுத்தது பெயர். பத்தாவது மெமோவில் (மதிப்பெண் சான்றில்) தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயர் முன்னால் விரிந்து நிற்கும். ஆதாரில் தமிழ் வழக்கப்படி அப்பா பெயரின் ஒற்றை இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் மூன்றாவதாக ஒன்று. எல்லைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது சர்வ சாதாரணம். டிஜிசிஏ தேர்வு எழுத முதலில் கம்ப்யூட்டர் நம்பர் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு மதிப்பெண் சான்றுகளை போர்டிடம் சரிபார்ப்பார்கள். வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் அது பாஸ்போர்ட் பெயரில் வரும். பிறகு அதை இந்திய லைசென்ஸாக மாற்றும்போது எல்லாத் தாளிலும் ஒரே ஆள் இருக்க வேண்டும். ஆகவே பெயரைச் சீர்செய்வதை இன்டர் முடிக்கும் முன்பே தொடங்குங்கள்.

படிப்பில், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் வேண்டும் என்பது நீண்ட காலமாக இருந்துவரும் நிபந்தனை. அதைத் தளர்த்தும் பேச்சு 2025-ல் எழுந்தது. விண்ணப்பிக்கும் நாளில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்டரில் எம்பிசி (கணக்கு, இயற்பியல், வேதியியல்) படித்தவர்களுக்குக் கவலை இல்லை. பைபிசி (உயிரியல், இயற்பியல், வேதியியல்) படித்தவர்கள் திறந்தநிலைப் பள்ளியில் கணக்கை மட்டும் தனியாக எழுதுவது வழக்கம். சிபிஎல்-க்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும்.

எடையும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டியது. பள்ளிகளில் அதிகம் காணப்படும் ராபின்சன் ஆர்22-ல் ஒரு இருக்கையில் உட்காரக்கூடிய அதிகபட்ச எடை 109 கிலோ. அது ஒரு எல்லை மட்டும்தான். இயந்திரத்தின் மொத்த எடை 621 கிலோவைத் தாண்டக் கூடாது. காலியாக நிற்கும்போதே ஏறக்குறைய 400 கிலோ போய்விடும். மீதி 220 கிலோவுக்குள் மாணவர், இன்ஸ்ட்ரக்டர், எரிபொருள் மூன்றும் அடங்க வேண்டும். இருவருமே தொண்ணூறு கிலோ என்றால் எரிபொருளுக்கு நாற்பது கிலோதான் மிஞ்சும், டேங்கை முழுதாக நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியாது. இல்லாவிட்டால் அதே கம்பெனியின் விலை அதிகமான ஆர்44-க்கு மாற வேண்டும். பள்ளி சொல்லும் கட்டணக் கணக்கு உங்கள் பிள்ளையின் எடைக்குப் பொருந்துமா என்று வெளிப்படையாகவே கேளுங்கள்.

3. எந்த நாட்டு லைசென்ஸ்?

இந்தியாவில் டிஜிசிஏ அனுமதி பெற்ற பயிற்சி நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை விமானத்துக்கு மட்டும்தான். ஹெலிகாப்டருக்குப் பழைய பெயர், பெங்களூருவில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தின் ரோட்டரி விங் அகாடமி. நகரியிலிருந்து ஒரு பகல் பயணம், நேரில் போய்ப் பார்த்துவிடலாம். டிஜிசிஏ இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பள்ளியின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. அனுமதி ஹெலிகாப்டருக்கா, எந்தத் தேதி வரை, எந்த இயந்திரங்களுக்கு என்று பார்க்க வேண்டும். விமானத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு "ஹெலிகாப்டரும் விரைவில் வருகிறது" என்று முன்பதிவு வாங்கும் இடத்தில் நிற்கவே வேண்டாம்.

வெளிநாடு என்றால் மணி நேரக் கணக்கில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்திய ஹெலிகாப்டர் சிபிஎல்-க்கு 150 மணி நேரப் பறப்பு வேண்டும். கனடாவில் 100 மணி நேரத்திலேயே அவர்கள் ஊர் வணிக லைசென்ஸ் கிடைத்துவிடும். அமெரிக்காவில் மொத்தம் 150, ஆனால் அதில் குறைந்தது 50 மணி ஹெலிகாப்டரில் இருந்தால் போதும் என்று ஒரு பாதை இருக்கிறது. ஏஜென்ட் "கனடா மலிவு" என்று சொல்லும்போது அந்தப் பாக்கி 50 மணி நேரத்தை எங்கே, என்ன விலைக்குப் பறப்பது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தனியாகப் பறந்தது, நீண்ட தூரம் போனது, இரவு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது என்று டிஜிசிஏ பிரித்துக் கேட்கும் ஒவ்வொரு பகுதியையும் அச்செடுத்துப் பள்ளிக்கு அனுப்பி, "உங்கள் பாடத்திட்டத்தில் இவை எங்கே நிறைவேறுகின்றன?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

திரும்பி வந்த பிறகும் வேலை இருக்கிறது. டிஜிசிஏ தேர்வுகள் எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். லைசென்ஸ் கொடுத்த நாடு அது உண்மையானதுதான் என்று உறுதி செய்து அனுப்ப வேண்டும். ரேடியோ பேச்சுக்கான ஆர்டிஆர் சான்றிதழ் தனி. 2025 ஜனவரியில் புதிய வான்கலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்த அந்தப் பொறுப்பு டிஜிசிஏவுக்கு மாற்றப்பட்டது. பழைய கையேடுகளை வைத்து ஆர்டிஆர் பற்றிப் பேசும் ஏஜென்ட்களிடம் கவனமாக இருங்கள். புறப்படும் முன்பே இந்தியத் தேர்வுகளில் முடிந்தவற்றை எழுதிவிட்டுப் போவது நல்லது. அங்கே போய்ப் படிக்கும் பாதிப் பாடம் அப்போதே தலையில் ஏறியிருக்கும்.

இன்னொரு விஷயம், ஏஜென்ட் பெரும்பாலும் சொல்லாதது. அமெரிக்காவில் புது பைலட் எப்படி வளர்கிறார்? படித்த பள்ளியிலேயே இன்ஸ்ட்ரக்டராகி, 1000 மணி நேரம் சேர்த்து, அப்புறம்தான் சுற்றுலா, எண்ணெய்க் கம்பெனி என்று நகர்கிறார். அந்தப் பாதை அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கானது. நம் மாணவர்கள் பெரும்பாலும் எம்-1 என்ற தொழிற்படிப்பு விசாவில் போகிறார்கள். படிப்புக்குப் பின் அதில் கிடைக்கும் செய்முறைப் பயிற்சிக் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். ஆறு மாதத்தில் ஆயிரம் மணி எங்கே சேரும்? "முடித்ததும் இங்கேயே வேலை" என்ற வாக்கியத்தை நம்பும் முன் விசா என்ன அனுமதிக்கிறது என்று அமெரிக்கத் தூதரகத் தகவலில் பாருங்கள்.

4. இயந்திரத்தைப் பாருங்கள்

என் தொழில் புத்தி, இதில் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிடுவேன்.

1979-ல் சான்று பெற்ற ஆர்22 மலிவானது, சின்னது, உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படுவது. ஆனால் மன்னிக்கும் குணம் குறைந்த இயந்திரம். அதன் ரோட்டர் மிக லேசானது. என்ஜின் நின்றால் கலெக்டிவ் லீவரை (ஏற்றி இறக்கும் கைப்பிடியை) இறக்க ஓரிரு நொடிகூடத் தாமதிக்க முடியாது, சுழற்சி சட்டென்று விழுந்துவிடும். இரண்டு பிளேடு ஊசலாடும் அமைப்பு என்பதால், பறக்கும்போது சைக்ளிக்கை (திசை திருப்பும் கைப்பிடியை) வேகமாக முன்னால் தள்ளி உடம்பு லேசாகும் நிலைக்குப் போனால் ரோட்டரின் மையப்பகுதி தன்னைத் தாங்கும் தண்டையே அடித்து முறிக்கும் ஆபத்து உண்டு. இதனால்தான் அமெரிக்க அரசு 1995-ல் ராபின்சன் ஆர்22, ஆர்44 இரண்டுக்கும் மட்டும் தனி விதி போட்டது. அவற்றில் உட்காரும் முன் இந்த ஆபத்துகளைப் பற்றித் தனிப் பாடம் எடுத்திருக்க வேண்டும். சொல்லித்தருகிறவருக்கும் தனித் தகுதி உண்டு. பயந்து ஓட வேண்டியதில்லை, பல்லாயிரம் பேர் இதில்தான் கற்றார்கள். நல்ல பள்ளி இதை முதல் நாளே மேசையில் போட்டுப் பேசும். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மழுப்புகிற பள்ளி வேண்டாம்.

பிரான்சின் கப்ரி ஜி2-வில் மூன்று பிளேடு, வால் ரோட்டர் ஒரு வளையத்துக்குள் மூடியிருக்கும். ஷ்வைசர் 300-லும் மூன்று பிளேடு. இதற்கு அந்தத் தண்டு அடிக்கும் தொல்லை இல்லை, பதிலாகத் தரையில் நிற்கும்போது தாங்கிகள் சரியில்லாவிட்டால் அதிர்வு கூடிக்கூடி இயந்திரமே ஆடிச் சிதறும் குணம் உண்டு. எதில் கற்றாலும் சரி. அதன் கெட்ட குணத்தைத் தெரிந்து கற்கிறோமா என்பதுதான் விஷயம்.

பள்ளிக்குப் போனால், பறக்கும் முன் செய்யும் ஒரு முன்பரிசோதனையைக் கூடவே நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். ராபின்சனில் கியர்பாக்ஸ், பேரிங் பக்கங்களில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட வெப்ப ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சூடு ஏற ஏறக் கட்டங்கள் கறுத்துப்போகும், பிறகு வெளுக்காது. கறுத்த கடைசிக் கட்டத்துக்கும் அடுத்த வெள்ளைக் கட்டத்துக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால், அங்கே யாரோ ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த நாள் கோட்டைத் தாண்டிக் கறுத்திருந்தால் உடனே தெரியும். மாணவர் அந்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்க்கிறாரா, அல்லது சும்மா கையால் தட்டிவிட்டுப் போகிறாரா? அப்புறம் மெயின் ரோட்டர் பிளேடின் நுனிப் பக்கம் முன்விளிம்பைப் பாருங்கள். பெயின்ட் தேய்ந்து உலோகம் பளிச்சென்று தெரிந்தால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிளேடின் தோல் ஒட்டுவிட்டுப் பிரியும் சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

ராபின்சன் ஆர்22-க்கு 2200 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்தியோ அதில் முழு ஓவர்ஹால், அதாவது பிரித்துப் புதுப்பிக்கும் வேலை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி பாக்கி என்று கேளுங்கள். பள்ளியில் இருக்கும் இரண்டே இயந்திரமும் இன்னும் நூறு நூற்றைம்பது மணியில் ஓவர்ஹாலுக்குப் போகப் போகின்றன என்றால், உங்கள் பிள்ளை நடுவில் மாதக்கணக்கில் விடுதியில் உட்கார்ந்திருப்பான், வாடகை ஓடும். இணையதளத்துப் படத்தில் பத்து ஹெலிகாப்டர் நிற்கும். இன்று காலை பறக்கும் நிலையில் எத்தனை, அவற்றுக்கு எத்தனை மாணவர்கள்? இந்த இரண்டு எண்ணும் போதும்.

5. "இன்று பறக்க வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த இன்ஸ்ட்ரக்டர்

பைலட் படிப்பு என்றதும் நம் வீடுகளில் பெரியவர்கள் முதலில் எடுப்பது 2009 செப்டம்பர் 2-ஐத்தான். முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பெல் 430 ஹெலிகாப்டர் மோசமான வானிலையில் நல்லமலைக் காட்டில் விழுந்தது. 2025 யாத்திரைக் காலத்தில் உத்தராகண்டில் அடுத்தடுத்து நடந்த விபத்துகளும் நினைவில் இருக்கும். அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்காமல் பள்ளியிடம் கேள்வியாக்குங்கள். போன மாதம் எத்தனை வகுப்புகளை வானிலைக்காக ரத்து செய்தீர்கள்? ரத்து செய்தது யார், மாணவருக்கு அந்த உரிமை உண்டா, ரத்தானால் பணம் பிடிப்பீர்களா? பணம் பிடிக்கும் பள்ளியில் மாணவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிடுவான். தெரியாமல் மேகத்துக்குள் போய்விட்டால் கருவிகளை மட்டும் நம்பித் திரும்பி வருவதை எத்தனை முறை பழக்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இன்ஸ்ட்ரக்டரின் மொத்தப் பறப்பு நேரம் குறைவாக இருப்பது தனியே ஒரு குறை ஆகாது. அமெரிக்கப் பள்ளிகளில் இருநூற்றுச் சொச்சம் மணி நேரத்தோடு சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு மேலே யார் இருக்கிறார், தனியாகப் பறக்க அனுப்பும் முன் அந்த மூத்தவர் ஒருமுறை உட்கார்ந்து சோதிக்கிறாரா என்பதே முக்கியம். பாதியில் இன்ஸ்ட்ரக்டர் வேறு வேலைக்குப் போவதும் வழக்கமாக நடப்பதுதான். புதியவர் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார், அந்த மணிகளுக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

ஆட்டோரொட்டேஷன் பயிற்சியை, அதாவது என்ஜின் சக்தி இல்லாமல் இறங்குவதை, தரை தொடும் வரை செய்கிறார்களா, அல்லது கொஞ்சம் மேலேயே சக்தி கொடுத்து ஹோவரில், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில், நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். பள்ளிகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்யும், இயந்திரம் அடிபடாமல் இருக்க. அது நியாயம்தான். ஆனால் முழுதாக இறங்கும் பயிற்சி ஒன்றிரண்டாவது மூத்த இன்ஸ்ட்ரக்டரோடு கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை.

முழுப் பணம் பேசும் முன் ஒரே ஒரு அறிமுகப் பறப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை யாருக்கும் ஹோவர் வராது, ஹெலிகாப்டர் மாடு மாதிரி நாலு பக்கமும் இழுக்கும். பிள்ளை எப்படி ஓட்டினான் என்பதை விட்டுவிட்டு, இன்ஸ்ட்ரக்டர் குரலை உயர்த்தினாரா, கீழே இறங்கியதும் உட்காரவைத்து என்ன நடந்தது என்று விளக்கினாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம்: மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்று பல மாநிலங்களில் கிளை விரித்த பெரிய பள்ளி இருந்தது. சுமார் 70,000 டாலர் கட்டணம், பலரும் கடன் வாங்கி முன்னாலேயே கட்டினார்கள். 2008 பிப்ரவரி 3 அன்று ஒரே நாளில் மூடி, அதையடுத்துத் திவால் மனு கொடுத்துவிட்டது. படிப்பு முடியாத மாணவர்கள் கையில் கடன் மட்டும் நின்றது. அவ்வளவு பெரிய பள்ளிக்கே அந்தக் கதி.

பறந்த அளவுக்குக் கட்டும் முறை, அல்லது பத்து இருபது மணிக்கான முன்பணம், அதுவும் பாதியில் விலகினால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுதிய ஒப்பந்தம். நேரத்தை எந்த மீட்டரில் எண்ணுகிறார்கள் என்றும் கேளுங்கள். என்ஜின் ஓடத் தொடங்கியதிலிருந்தா, தரையை விட்டு எழும்பியதிலிருந்தா? 150 மணி நேரத்தில் இந்த வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. எரிபொருள் விலை ஏறினால் கூடுதல், தேர்வாளர் கட்டணம், காப்பீடு, விடுதி, விசா, திரும்பி வந்து மாற்றும் செலவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். குறைந்தபட்ச மணியிலேயே எல்லோரும் தேறிவிடுவதில்லை. அதனால் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கிவைத்து, அப்புறம்தான் மாந்தோப்பின் பட்டா பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும். வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆனால் தவணை யார் கட்டுவது என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

7. கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

பள்ளி கொடுக்கும் "வெற்றி பெற்ற மாணவர்" எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். இப்போது அங்கே பாதிப் படிப்பில் இருக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வெளிநாட்டுப் பள்ளிகளிலும் தெலுங்கோ தமிழோ பேசும் மாணவர் யாராவது இருப்பார்கள். அவரிடம் ஒரே கேள்வி: போன வாரம் எத்தனை மணி பறந்தாய்?

சேர்ந்த பிறகு, லாக்புக்கை (பறந்த நேரக் குறிப்பேட்டை) வாரத்துக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டரிடம் கையெழுத்து வாங்கி, பக்கத்தைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். படிப்பு முடிந்ததும் பயிற்சிப் பதிவேட்டின் சான்றளித்த நகல், ஒவ்வொரு இயந்திரத்திலும் பறந்த நேரத்தைப் பிரித்துக் காட்டும் கடிதம், இன்ஸ்ட்ரக்டர்களின் லைசென்ஸ் எண்கள் எல்லாவற்றையும் பள்ளி வாசலைத் தாண்டும் முன்பே வாங்கிவிட வேண்டும். டிஜிசிஏ இவற்றில் ஒன்றைக் கேட்டு மின்னஞ்சல் போடும்போது நகரியில் உட்கார்ந்துகொண்டு, மாறிப்போன அலுவலக எண்ணுக்கு நள்ளிரவில் போன் அடித்துக்கொண்டிருக்க முடியாது.